சுகததாச உள்ளக அரங்குக்குப் போகிறீர்களா? திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

கொழும்பில் தமிழ் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நமக்குப் பழகிய மண்டபங்களில்தான் நடக்கின்றன. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், கொட்டாஞ்சேனைப் பக்கம் விவேகானந்த சபை. இவற்றுக்குப் போக யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. உள்ளே போனால் நாலு தெரிந்த முகம் இருக்கும். போன வாசலாலேயே வெளியே வந்தால் வீதி.

பெரிய இசை நிகழ்ச்சி, தேசிய மட்ட விளையாட்டுப் போட்டி, கட்சி மாநாடு என்று ஆயிரக்கணக்கில் சனம் சேரும்போது இடம் மாறிவிடுகிறது. அப்போது அடிபடும் பெயர்களில் முக்கியமானது சுகததாச உள்ளக விளையாட்டரங்கு. அங்கே பல வாயில்கள், பல பகுதிகள், இருட்டு, சத்தம், ஒரே நேரத்தில் எழுந்து நடக்கும் கூட்டம். சிறிய மண்டபத்துக்குப் போகும் பழக்கத்தோடு அங்கே போனால் தடுமாற்றம் நிச்சயம். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் அதே இடத்துக்கு அம்மம்மாவையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் நிம்மதியாகக் கூட்டிப் போகலாம். அந்த முன்யோசனையில் முதல் வேலை, எப்படித் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்வது. மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வரும்.

எந்தச் ‘சுகததாச’?

கொழும்பின் மேயராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயரைக் கொண்ட இந்த வளாகம், கொட்டாஞ்சேனைக்கும் கிராண்ட்பாஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. அது ஒரே கட்டடம் இல்லை. ஓடுபாதையோடு கூடிய திறந்த மைதானம் ஒன்று, கூரை போட்ட உள்ளக அரங்கு ஒன்று, நீச்சல் தடாகம், விளையாட்டு வீரர்கள் தங்கும் விடுதி என்று பல பகுதிகள் அருகருகே உள்ளன. 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழா கொழும்பில் நடந்தபோதும், 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டி நடந்தபோதும் தொலைக்காட்சியில் நாம் பார்த்த ஓட்டப் போட்டிகள் திறந்த மைதானத்துக்கு உரியவை. 2019 ஓகஸ்ட் 11ஆம் திகதி பொதுஜன பெரமுன தன் ஜனாதிபதி வேட்பாளரை அறிவித்த மாநாடு நடந்தது உள்ளக அரங்கில். அதே ஆண்டு ஒக்டோபர் தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சியும் தன் மாநாட்டை அங்கேதான் கூட்டியது.

ஆகவே ஓட்டோக்காரரிடம் ‘சுகததாச’ என்று மட்டும் சொன்னால் அவர் திறந்த மைதானத்தின் பக்கம் இறக்கிவிடக்கூடும். ‘சுகததாச இன்டோர்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். செயலியில் வாகனம் அழைத்தாலும் உள்ளக அரங்கின் பெயரைத் தெரிவு செய்திருக்கிறீர்களா என்று வரைபடத்தில் ஒருதடவை பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய நிகழ்ச்சி என்றதும் சிலருக்கு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் நினைவுக்கு வரும். சீனாவின் அன்பளிப்பாக 1973இல் திறக்கப்பட்ட அந்த மண்டபம் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது. 2011 டிசம்பரில் திறக்கப்பட்ட, 1,288 இருக்கைகள் கொண்ட தாமரைத் தடாக அரங்கும் கொழும்பு 7தான்; விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில். சுகததாச இருப்பதோ நகரின் வட முனையில். டிக்கெட்டில் உள்ள இடத்தின் பெயரை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்க வாசியுங்கள். தனித்தனியாகப் புறப்பட்டு வரும் குடும்பங்களில் பாதிப் பேர் ஓரிடத்திலும் பாதிப் பேர் இன்னோரிடத்திலும் நிற்கும் நிலை அதனால் தவிரும்.

வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை கொழும்பு 6. கொட்டாஞ்சேனை கொழும்பு 13. நகரின் தென் ஓரத்திலிருந்து வட ஓரத்துக்கு, சுமார் 10 கிலோமீற்றர். ஞாயிறு காலையில் சுருக்கமாக முடிகிற இந்தப் பயணம், வேலை நாளில் மாலை 5 மணிக்கு முழு மாலையையும் தின்றுவிடும். பெரிய நிகழ்ச்சிகள் தொடங்குவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். எனவே அரங்கின் கதவு திறக்கும் நேரத்தைப் பார்த்து அதற்கேற்பப் புறப்படுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தைக் கணக்கில் வைத்தால் பிந்திவிடுவீர்கள்.

பஸ்ஸில் போவோருக்கு மிக எளிய வழி 155. வெள்ளவத்தைத் தமிழர்களுக்கும் கொட்டாஞ்சேனைத் தமிழர்களுக்கும் நடுவே பல காலமாக ஓடும் பஸ் அது. காலி வீதியால் பம்பலப்பிட்டி போய், தும்முல்லைப் பக்கம் திரும்பி, நகர மண்டபம், மருதானை வழியாக ஆமர் வீதிக்கு வந்து, அங்கிருந்து மட்டக்குளி நோக்கிப் போகும். ஏறும்போதே நடத்துநரிடம் ‘ஆமர் ஸ்ட்ரீட்’ என்று சொல்லிவிடுங்கள். ஆமர் வீதிச் சந்தியிலிருந்து அரங்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. வயதானவர்கள் கூட வந்தால் சந்தியிலிருந்து ஓட்டோ பிடிக்கலாம்.

155 வரத் தாமதமானால் காலி வீதியில் எப்போதும் ஓடும் 100, 101 பஸ்களில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் போகலாம். நுகேகொடை, பொரளைப் பக்கமிருந்து வருவோருக்கு ஹெட்டியாவத்தை வரை போகும் 176உம், கொட்டாஞ்சேனை போகும் 168உம் உதவும்.

மாலை நெரிசலில் நேரத்துக்குப் போய்ச் சேர நல்ல வழி ரயில். காலி வீதி எவ்வளவு அடைபட்டிருந்தாலும் கரையோரப் பாதைக்கு அது ஒரு பொருட்டில்லை. வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை, அடுத்தது மருதானை. மருதானை வரை போகும் ரயில் என்றால் கோட்டையில் இறங்க வேண்டாம். மருதானையில் இறங்கினால் பஞ்சிகாவத்தை வழியாக ஆமர் வீதிக்குப் போகும் தூரம் குறைவு. அலுவலகம் விடும் நேரத்தில் நகரிலிருந்து வெளியே போகும் ரயில்களில்தான் கூட்டம் நெருக்கும். நாம் போவது அதற்கு எதிர்த்திசை என்பதால் உட்காரக்கூட இடம் கிடைக்கலாம். ஆனால் இரவில் திரும்பும்போது ரயிலை நம்ப வேண்டாம். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் கரையோர ரயில்கள் மிகக் குறைவு.

சொந்த வாகனத்தில் போவோர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அரங்கைச் சுற்றியிருப்பது மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. அங்கே வாகனத்தை நிறுத்தினால், ஒரு வீட்டில் நோயாளியை அவசரமாகக் கொண்டுபோக வேண்டி வந்தாலும் வழி இராது. வளாகத்துக்குள் தரிப்பிடம் தருகிறார்களா, எந்த வாயிலால் உள்ளே விடுவார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் முன்னரே கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு, நாலு பேராகச் சேர்ந்து வாடகை வாகனத்தில் போவது எல்லோருக்கும் நல்லது.

நாட்காட்டியையும் பாருங்கள். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துக்கும் இடையே தேர் போகும் நாட்களில் காலி வீதி மெதுவாகத்தான் நகரும். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அன்று கொட்டாஞ்சேனை முழுக்க யாத்திரிகர்கள். இந்த நாட்களில் நிகழ்ச்சி வந்தால் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே கிளம்புங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

ஜம்பட்டா வீதி, விவேகானந்த மேடு, புனித லூசியாள் பேராலயச் சுற்றாடல், ஹெட்டியாவத்தை ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு நடையே போதும். கிழக்கே கிராண்ட்பாஸ் திசையில் போக வேண்டும். பகலில் தெரிந்த பாதை இரவில் வேறு மாதிரித் தெரியும் என்பதால், குறுக்கு ஒழுங்கைகளை விட்டுவிட்டு வெளிச்சமும் கடைகளும் உள்ள பெரிய வீதியாலேயே போய் வாருங்கள்.

இந்தப் பகுதிக்குப் புதியவர்களுக்குத் திசை காட்டத் தாமரைக் கோபுரம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்ட, சுமார் 350 மீற்றர் உயரமான அந்தக் கோபுரம் இரவில் ஒளியோடு நிற்கும். அரங்கிலிருந்து பார்த்தால் அது தெற்குப் பக்கம். மருதானை, புறக்கோட்டை, வெள்ளவத்தை எல்லாமே அந்தத் திசையில். கட்டடங்கள் மறைக்காத இடத்துக்கு வந்து கோபுரத்தைத் தேடுங்கள். அதை முன்னால் வைத்து நடந்தால் நகரின் மத்தியை நோக்கிப் போகிறீர்கள்.

டிக்கெட்டை வாசிப்பது எப்படி?

டிக்கெட்டில் விலையையும் நட்சத்திரத்தின் படத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது நம் வழக்கம். அதில் வேறு நான்கு விபரங்களைத் தேடுங்கள்: வாயில், பகுதி, வரிசை, இருக்கை எண். வாயில் என்பது வெளியிலிருந்து கட்டடத்துக்குள் நுழையும் இடம். பகுதி என்பது ஆசனங்களைப் பிரித்திருக்கும் கூறு. வரிசை பெரும்பாலும் எழுத்தாலும், இருக்கை எண்ணாலும் குறிக்கப்படும். வீதியிலிருந்து ஆசனம் வரை இந்த ஒழுங்கில்தான் தேடிப் போக வேண்டும். வாயிலைத் தவறவிட்டால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பயனில்லை. கட்டடத்தின் மறுபுறம் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இந்த முறை நேற்று வந்ததில்லை. கி.பி. 80இல் திறக்கப்பட்ட ரோமாபுரியின் கொலோசியத்தில் 80 வளைவு வாயில்கள் இருந்தன. அவற்றில் 76க்கு எண் பொறித்திருந்தார்கள். அந்த எண்கள் சில இன்றும் கல்லில் தெரிகின்றன. பல்லாயிரம் பேரை உள்ளே அனுப்பவும் வெளியே எடுக்கவும் அவர்கள் கண்ட வழி, ஒவ்வொருவரையும் அவருக்குரிய வாயிலால் மட்டும் விடுவது. இன்றைய அரங்குகளும் அதையே செய்கின்றன.

டிக்கெட்டில் இருக்கை எண் இல்லாமல் விலைப் பிரிவு மட்டும் இருந்தால், அந்தப் பிரிவுக்குள் முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று அர்த்தம். அப்படியானால் குடும்பமாகச் சேர்ந்து இருக்க விரும்புவோர் நேரத்தோடு போக வேண்டும். கைப்பட்டி கட்டி விடுவார்கள் என்றால் அதன் நிறம்தான் உங்கள் பிரிவு. வெளியே வந்து மறுபடி உள்ளே போகலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிகழ்ச்சிகளில் அதற்கு இடமில்லை. போன் டிக்கெட் என்றால் படம் பிடித்துச் சேமித்து வையுங்கள். வாசலில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையத்தைத் திறக்கும்போது அது திறக்காமல் போகலாம்.

வாசலில்

2019 உயிர்த்த ஞாயிறன்று இந்த அரங்கிலிருந்து அதிக தூரமில்லாத கொச்சிக்கடைத் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதலை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. பைகளைச் சோதிப்பது நம் எல்லோருடைய பாதுகாப்புக்குமானது. அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. சிறிய பை ஒன்றை மட்டும் கொண்டுபோங்கள். கண்ணாடிப் போத்தல், கத்தி, பெரிய குடை வேண்டாம். தேசிய அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். மருந்து கொண்டு போகிறவர்கள் அதை அதன் பெட்டியோடும், முடிந்தால் மருத்துவரின் துண்டோடும் கொண்டு போனால் கேள்விக்கு இடம் இராது. குழந்தையின் பால் போத்தல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கும் ஆண்களுக்கும் வெவ்வேறு வரிசை இருக்கலாம். அப்படிப் பிரியும்போது பிள்ளை யாரோடு போகிறது என்பதை வரிசையில் சேர முன்னரே முடிவு செய்யுங்கள். சோதனை முடிந்த இடத்துக்கு அப்பால், சுவரோரமாக ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். வாசலுக்கு நேரே நின்று காத்திருந்தால் பின்னால் வருவோர் முட்டிக்கொள்வார்கள். நெரிசல் தொடங்குவது அப்படித்தான்.

உள்ளே: ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வரைபடம்

போன வருடம் வந்த அனுபவத்தை நம்பி, ‘எனக்கு இடம் தெரியும்’ என்று முன்னால் நடப்பவர்கள் உண்டு. உள்ளக அரங்கில் அந்த அனுபவம் பாதிதான் உதவும். கட்டடம் மாறாது, அதன் பயன்பாடு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும்.

விளையாட்டுப் போட்டி என்றால் நடுத்தளம் வீரர்களுக்கு மட்டும். ஒரு கூடைப்பந்து ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது, வலைப்பந்துக்கு 30.5 மீற்றர் நீளம் வேண்டும். பார்வையாளர் சுற்றியுள்ள படிக்கட்டு ஆசனங்களில் இருப்பார்கள். நீளப் பக்கத்தின் நடுவில் இருந்தால் ஆட்டம் முழுவதும் கண்ணுக்குள் இருக்கும். பூப்பந்துப் போட்டியில் உள்ளே புழுக்கமாக இருந்தால் குறை சொல்ல வேண்டாம். பந்து இறகால் ஆனது. சிறு காற்றும் அதைத் திசை திருப்பும் என்பதால் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள்.

இசை நிகழ்ச்சியில் இதெல்லாம் தலைகீழ். மேடையைப் பெரும்பாலும் ஒரு முனையில் போடுவார்கள். அதன் பின்னாலுள்ள ஆசனங்களையும் அந்தப் பக்கத்து வாயில்களையும் மூடிவிடுவார்கள், அல்லது கலைஞர்களுக்கு ஒதுக்குவார்கள். விளையாட்டில் வெறுமையாக இருந்த நடுத்தளத்தில் கதிரைகள் வந்துவிடும். விலை கூடிய ஆசனங்கள் மேடைக்கு முன்னால் தளத்தில் இருக்கும். ஆனால் தளம் சமதரை என்பதால் முன்னால் உயரமானவர் இருந்தால், அல்லது எல்லோரும் எழுந்து நின்றால், குள்ளமானவர்களும் பிள்ளைகளும் எதையும் பார்க்க முடியாது. குடும்பமாகப் போவோருக்கு மேடைக்கு எதிரே, படிக்கட்டு ஆசனங்களில் சற்று உயரமான இடமே நல்லது. விலையும் குறைவாக இருக்கும். மேடைக்கு மிக அருகே பக்கவாட்டில் இருந்தால் ஒலிபெருக்கிச் சத்தம் காதைத் துளைக்கும்; பாட்டின் சொல் புரியாது. விளையாட்டுக்காகக் கட்டிய கூடத்தில் சுவரிலும் கூரையிலும் ஒலி மோதித் திரும்பும். மேடைக்கு நேரே, தள்ளிய இடத்தில் ஒலி ஓரளவு சீராகக் கேட்கும்.

ஆசனத்தில் அமர்ந்ததும் மூன்று இடங்களைக் கண்ணால் தேடுங்கள்: வந்த வழி, மிக அருகிலுள்ள இன்னொரு வெளியேறும் வழி, கழிப்பறை. விளக்கணைந்த பிறகு இவற்றைத் தேடுவது கடினம். அரங்கைச் சுற்றிவரும் நடைபாதையில் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். நாலு கோபுர வாசல் கொண்ட பெரிய கோயிலில் செருப்பைக் கழற்றிய வாசலை நினைவில் வைத்துக்கொள்வது போல, உங்கள் பகுதியின் எண்ணை நினைவில் வையுங்கள். பிள்ளைகளையும் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

வெளியேறும் வழி ஏன் இவ்வளவு முக்கியம்?

ஆபத்து வந்தால் மனிதர்கள் தாங்கள் வந்த வழியாலேயே வெளியேறப் பார்க்கிறார்கள். பக்கத்தில் வேறு கதவு திறந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 2003 பெப்ரவரி 20ஆம் திகதி அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில் தீப்பிடித்தபோது வேறு கதவுகளும் இருந்தன. பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். அங்கே நெரிசல் அடைத்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள்.

சில நேரம் கதவு இருந்தும் வழி இருக்காது. 1997 ஜூன் 13ஆம் திகதி டில்லியின் உபஹார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். கூடுதல் வருமானத்துக்காகப் பால்கனியில் போட்டிருந்த மேலதிக ஆசனங்கள் வெளியேறும் வழியை மறித்திருந்தன. ஆகவே நடைவழியில் மேலதிகக் கதிரை போட்டிருந்தாலோ, ‘வெளியே’ என்று எழுதிய கதவு பூட்டியிருந்தாலோ அங்குள்ள பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். தயங்க வேண்டாம். ஆயிரம் பேர் சார்பில் கேட்கப்படும் கேள்வி அது.

நெரிசலுக்குத் தீ வேண்டும் என்பதுமில்லை. 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் பலர் நெரிசலால் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னேறியதால் நிகழ்ச்சி தடைப்பட்டது. இரண்டும் திறந்தவெளி நிகழ்ச்சிகள்; பாடம் உள்ளக அரங்குக்கும் பொருந்தும். ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கும்போது தனி மனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் தள்ளும் பக்கம்தான் போக வேண்டிவரும். உங்கள் தோள்கள் இரு பக்கமும் மற்றவர்கள் மேல் உரசத் தொடங்கினால் அதுவே அறிகுறி. அப்போதே, நகர முடியும்போதே, ஓரத்துக்கு விலகுங்கள்.

சிக்கிக்கொண்டால் கைகளை மார்புக்கு முன்னால் மடித்து வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். கால் தரையில் ஊன்றியிருக்கட்டும். கீழே விழுந்த போனையோ செருப்பையோ எடுக்கக் குனிய வேண்டாம். கூட்டத்துக்கு எதிராகத் தள்ளாமல், அது நகரும்போது சரிவாக ஓரம் நோக்கி நகருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். யாராவது விழுந்தால் நின்று கைகொடுங்கள். பின்னால் வருவோருக்கு உரக்கச் சொல்லுங்கள்.

மூன்று எண்களைப் போனில் பதிந்து வையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990. பொலிஸுக்கு 119. தீயணைப்புக்கு 110.

முதியோர், பிள்ளைகள், சக்கர நாற்காலி

‘அவ்வளவு சனத்துக்குள்ள என்னால ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ’ என்று வீட்டில் தங்கிவிடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். அவர்களுக்குப் பயம் பாட்டிலோ ஆட்டத்திலோ இல்லை. படியிலும், இருட்டிலும், கழிப்பறை தூரத்திலும்தான். டிக்கெட் வாங்கும்போதே படி ஏறத் தேவையில்லாத பகுதி, நடைவழியோர ஆசனம், கழிப்பறைக்கு அருகிலுள்ள வாயில் என்று கேட்டு வாங்கினால் அந்தப் பயத்தின் பெரும்பகுதி போய்விடும். சிறிய டோர்ச் ஒன்று கொண்டுபோங்கள். தரிப்பிடம் தூரமாக இருந்தால், ஒருவர் பெரியவர்களை வாசலில் இறக்கி உள்ளே அழைத்துப் போகட்டும். மற்றவர் வாகனத்தைப் பார்க்கட்டும்.

சக்கர நாற்காலியில் வருவோருக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்கு அவர்கள் சென்றுவர வசதி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சாய்தளம் எந்த வாயிலில் இருக்கிறது, துணைக்கு வருபவர் பக்கத்தில் இருக்கலாமா என்று ஏற்பாட்டாளரிடம் இரண்டு நாளைக்கு முன்னரே கேளுங்கள்.

பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய துண்டு ஒன்றை வையுங்கள். தொலைந்தால் அங்குமிங்கும் தேடி ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று சீருடை அணிந்தவரிடம் சொல்லும்படி பழக்குங்கள். புறப்படுமுன் பிள்ளையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால், அன்று போட்டிருந்த உடுப்பை வர்ணிக்கத் தடுமாற வேண்டியதில்லை.

முடிந்த பிறகு

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே கதவை நோக்கிப் போவதுதான் அன்றைய மாலையின் மிகக் கடினமான பகுதி. அவசரம் இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம் ஆசனத்திலேயே இருங்கள். கடைசிப் பாட்டின்போதே எழுந்து கிளம்புவது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவிலான நேரத்தைத் தவிர்த்தால் போதும்.

பிரிந்து இருந்தவர்கள் சேர ஓர் இடத்தை உள்ளே போகுமுன் குறித்துக்கொள்ளுங்கள். ‘வாசலடி’ என்று சொன்னால் எந்த வாசல் என்று தெரியாது. வீதிக்கு எதிர்ப்பக்கம் பெயர்ப்பலகையுள்ள ஒரு கடையோ, எண் எழுதிய விளக்குக் கம்பமோ நல்லது. கூட்டத்தில் அழைப்பு எடுபடாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அழைப்பு தோற்கும் இடத்தில் அது பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

வாகனச் செயலியை அரங்கு வாசலில் நின்று திறக்க வேண்டாம். அங்கே நூற்றுக்கணக்கானோர் அதையே செய்வார்கள். ஓட்டுநரால் நெருங்கவும் முடியாது. வெளிச்சமான வீதியால் ஆமர் வீதிச் சந்திப் பக்கமோ கொட்டாஞ்சேனைச் சந்திப் பக்கமோ நடந்து போய், அங்கே ஒரு கடையின் பெயரைக் காட்டி வாகனம் அழையுங்கள். மீற்றர் இல்லாத ஓட்டோவில் ஏறினால் தொகையை முதலில் பேசிக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு வெள்ளவத்தைப் பக்கம் பஸ்கள் குறைந்துவிடும் என்பதால், போகும்போது 155இல் போனவர்களும் திரும்பி வர வாகனச் செலவை ஒதுக்கி வைக்க வேண்டும். அயலில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் முன்கூட்டியே பேசி ஒரு வான் பிடித்தால் செலவும் குறையும், பெண்களும் பிள்ளைகளும் தனியே நிற்க வேண்டியும் வராது.

ஏற்பாட்டாளர்களுக்கு

இவ்வளவும் பார்வையாளர் செய்யக்கூடியவை. மறுபாதி ஏற்பாட்டாளரின் கையில் இருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழ் மக்கள் பணம் கொடுத்து வரும் நிகழ்ச்சியில் வாயில் எண்ணும், வெளியேறும் வழியும், அவசர அறிவிப்பும் தமிழில் இல்லாமல் இருப்பதை நாம் ஏற்கத் தேவையில்லை. ஆபத்து நேரத்தில் ஒலிபெருக்கியில் வரும் ஒரு வசனம் புரியாமல் போவது உயிரோடு சம்பந்தப்பட்டது.

அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய செலவில்லாத நான்கு காரியங்கள். டிக்கெட்டின் பின்புறம் அன்றைய நிகழ்ச்சிக்கான எளிய வரைபடம்: எந்த வாயில் திறந்திருக்கும், எது மூடியிருக்கும், கழிப்பறை எங்கே என்று. வாயில்களில் தூரத்திலிருந்தே தெரியும் பெரிய எண்ணும் மூன்று மொழிப் பலகையும். ஒவ்வொரு பகுதியிலும் தமிழ் தெரிந்த தொண்டர் ஒருவர். நிகழ்ச்சி தொடங்குமுன் வெளியேறும் வழிகளைச் சொல்லும் ஒரு நிமிட அறிவிப்பு. விமானத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் கூடத்திலும் சொல்லலாம்.

அடுத்த தடவை டிக்கெட் வாங்க அழைக்கும்போது, விலையைக் கேட்டபின் இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்களுக்கு எந்த வாயில்? படி ஏறாமல் போக வழி உண்டா? வெளியேறும் வழிகள் தமிழில் எழுதியிருக்குமா? பத்துப் பேர் கேட்டால் ஏற்பாட்டாளர் பதிலைத் தேடத் தொடங்குவார். நூறு பேர் கேட்டால் அது டிக்கெட்டிலேயே அச்சாகி வரும்.